சன்னல் கூட்டில் பச்சைக் குளவி

14-6-1963, வெள்ளி.

எழுதும்போதுகூட ஆத்திரம் அடங்கவில்லை. சன்னலில் குளவி மண்கூடு கட்டிவிட்டது, இனி எனக்குப் பிள்ளை பிறக்கும் என்று மாமியார் அதைத் தொடவே விடவில்லை. இன்று அந்தக் கூட்டைத் துளைத்துக்கொண்டு பச்சையாய் மின்னும் குளவி ஒன்று வந்தது. கட்டியது கறுப்புக் குளவி. கூடு கட்டிய நாட்களில் அது மண்ணெடுக்கப் போன நேரம் ஒரு பச்சைக் குளவி முட்டையிட உள்ளே புகுந்ததை நானே பார்த்தேன். பள்ளியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான்.

"கட்டுனவ புள்ளையத் தின்னுபோட்டு வந்திருக்குதுங்க, அத்தை" என்றேன்.

"எவ பெத்தா என்ன கண்ணு? கூடு நெறஞ்சாப் போதும். வெள்ளகோவில்ல எம் பையனுக்கு வேற பொண்ணு பேசியிருக்கறேன்" என்றார்.

பனியன் கம்பெனியிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "மோர் ஊத்து" என்றார்.

கூட்டைச் சுரண்டி அவர் சோற்றில் போட்டேன்.