நிலைய அதிகாரியின் நான்காவது குளியல்

மார்ச் 3, செவ்வாய்

காலை பத்து மணிக்கு நிலைய அதிகாரியை மூன்றாம் முறையாக ஸ்பிரிட்டில் இறக்கினேன். ஜாம் பாட்டில், முக்கால் அளவு, மூடி இறுக்கமாக. நாளை பத்து மணிக்கு எடுக்க வேண்டும். ஸ்பிரிட் புதிதல்ல, ஒவ்வொரு முறையும் வடிகட்டி அதே பாட்டிலில் ஊற்றி வைக்கிறேன்.

ஆள் என் கட்டைவிரலின் முதல் கணு உயரம்தான். பிளாஸ்டிக் பொம்மை. சம்பந்தி ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். வீட்டில் ஓர் அறை முழுக்கத் தண்டவாளம் போட்டு பொம்மை ரயில் விடுகிறார். இந்த அதிகாரியைப் பழைய சாமான் கடையில் கண்டெடுத்தபோது மேலே ஆறேழு பூச்சு பெயிண்ட், முகமே தெரியவில்லை. "நான் பழைய பெயிண்டை எடுத்துட்டுப் புதுசா பூசித் தர்றேன்" என்று வாயைக் கொடுத்தது நான்தான். ஏன் கொடுத்தேன்? மகளைக் கொடுத்த இடம். நம்மாலும் ஏதோ ஆகும் என்று காட்டத் தோன்றியிருக்கும்.

முதல் குளியலில் பழைய பெயிண்ட் போனது. பிறகு நான் பூசியது தடித்துவிட்டது, இரண்டாம் குளியல். அடுத்து பூசியதில் கோட்டின் ஐந்து பொத்தான்களில் மூன்றாவது ஒரு மயிரிழை கீழே இறங்கிவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பொத்தான் இறங்கிடுச்சுன்னா ரயில் அங்க நிக்காதா?"

முப்பத்துநான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 4, புதன்

எடுத்தேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க, நீலம் தோல் உரிவது போல வந்தது. பூசுவதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது என்பதை இங்கே மட்டும் எழுதலாம். அழித்த இடத்தில் யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் — மூக்கு. நுனி மழுங்கியிருக்கிறது. இடது காதும் பாதிதான். தேய்த்துத் தேய்த்து நானே கரைத்திருக்கிறேன். இன்னொரு முறை தேய்த்தால் முகம் மிஞ்சுமா?

மனைவியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "பாவங்க. இத்தோட விட்டுருங்க இவரை." கேலி செய்யும் குரல் இல்லை அது.

மார்ச் 6, வெள்ளி

சம்பந்தி தொலைபேசியில் அழைத்தார். 28ஆம் தேதி, தன்னோடு வேலை பார்த்தவர்களையெல்லாம் ரயில் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறாராம். போன வருடமும் கூப்பிட்டார். அதிகாரி போய்ச் சேரவில்லை.

"சம்பந்தி, எங்க ஸ்டேஷன்ல ஆளே இல்லாம ரயில் தானா வருது, தானா போகுது. பார்க்கறவங்க ஸ்டிரைக்கான்னு கேக்கறாங்க."

"இந்தத் தடவை கண்டிப்பா."

"போன தடவையும் கண்டிப்பாதான் சொன்னீங்க." சிரித்துக்கொண்டே சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

பின்னாலிருந்து என் மகளின் குரல்: "மாமா, அப்பாவை விரட்டாதீங்க. பயந்துபோய் இன்னொரு தடவை அழிச்சிருவாரு."

பெற்ற மகள்.

மார்ச் 8, ஞாயிறு

அடிப்பூச்சு, சாம்பல் நிறம். காய்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

கோட்டு. நீலம், மெல்லியதாக இரண்டு பூச்சு. பொத்தான்கள் நேர். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நேர்தான். எடுத்துவிட்டு மறுபடி வைத்தும் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

கண்களும் புருவமும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டேன் — அங்கேதான் தப்பு செய்தேன்.

"நல்லா வந்திருக்காருங்க. அப்படியே உங்களை மாதிரி நிக்கிறாரு."

"என்னை மாதிரின்னா?"

"யாராவது திட்டிருவாங்களோன்னு."

மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். உண்மைதான். ஒரு புருவம் ஏறியிருக்கிறது. ரயிலைப் பார்த்துப் பயப்படுகிற நிலைய அதிகாரி! சம்பந்தியின் ஆட்கள் அத்தனை பேரும் குனிந்து பார்ப்பார்கள். யார் பூசியது என்று கேட்பார்கள்.

மார்ச் 13, வெள்ளி

புருவத்தை மட்டும் திருத்தினால் என்ன? ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இன்னொன்று பிதுங்கும். எனக்குத் தெரியாததா?

மூக்கை நினைத்தேன். புருவத்தை நினைத்தேன். புருவம் ஜெயித்தது. பத்து மணிக்குப் பாட்டிலில் இறக்கினேன்.

மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடம்புக்கு ஏதாவதா?

மார்ச் 14, சனி

இருபத்துநான்கு மணி நேரம். மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன். பெயிண்ட் அசையவில்லை. மறுபடி உள்ளே.

மார்ச் 15, ஞாயிறு

நாற்பத்தெட்டு மணி நேரம். பொத்தான்கள் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கின்றன.

மார்ச் 16, திங்கள்

பெயிண்ட் தயாரிப்பில் ஏதாவது மாற்றிவிட்டார்களா? கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், ஒட்டலைன்னு சண்டைக்கு வருவாங்க. ஒட்டிக்கிச்சுன்னு சண்டைக்கு வந்திருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

நான் சண்டைக்குப் போகவில்லை. சந்தேகம்தான் கேட்டேன். அங்கே நின்றிருந்த பெண் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் 18, புதன்

முறையாகச் செய்வோம் என்று நேற்று, போன தடவை அழிந்த அதே பழைய நீலத்தைப் பூசிப் பார்த்திருந்த ஒரு பிளாஸ்டிக் கரண்டியை அதே பாட்டிலில் போட்டிருந்தேன். இன்று எடுத்தால் கரண்டியும் அப்படியே. ஆக, குற்றம் பெயிண்டில் இல்லை.

பாட்டிலிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டேன். ஸ்பிரிட் என்றால் சில்லென்று இருக்கும், உடனே காய்ந்துவிடும். இது உருண்டு மணிக்கட்டுக்குப் போய் அங்கே நின்றது.

தண்ணீர்.

என் மூக்குக்கு வாசனை தெரியாது; அச்சகத்து மையும் மண்ணெண்ணெயும் சேர்ந்து அதற்கு எப்போதோ ஓய்வு கொடுத்துவிட்டன. அது தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர். ஒருவன் நான்.

அஞ்சு நாளா! அஞ்சு நாளா என்னைக் கிறுக்கனாக்கி வெச்சிருக்காளே! கடைக்காரன் முன்னாடி வேற போய் நின்னேனே!

கேட்டுவிடுவது என்று சமையலறைக்குப் போனேன். முதுகு காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பெயிண்ட் போச்சா?"

"இன்னும் இல்ல."

"அடப் பாவமே."

தோள் இரண்டும் குலுங்கின. வெங்காயத்துக்கு அழுதால் தோள் குலுங்காது. நான் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

மருந்துக்கடை நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. ஒரு புட்டி ஸ்பிரிட் வாங்கினால் விஷயம் முடிந்தது. சட்டையைப் போட்டேன். செருப்பையும் போட்டேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

மார்ச் 22, ஞாயிறு

அதிகாரியைத் துடைத்து மேசையில் நிறுத்தி, பூதக்கண்ணாடியில் தலை முதல் கால் வரை படித்தேன். மொத்தம் ஒன்பது பிழை. வரிசையாகத் தாளில் எழுதினேன்.

அச்சகத்தில் ஒரு புத்தகமாவது பிழையில்லாமல் போனதா? யோசித்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. கடைசி நாள் இயந்திரக்காரர் வந்து நிற்பார், கையிலிருந்து தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போவார். நான் பின்னாலேயே போய் ஒரு காற்புள்ளிக்குக் கெஞ்சுவேன். அவர் ஒருவர் இல்லாவிட்டால் முதல் புத்தகத்தையே இன்னும் திருத்திக்கொண்டிருப்பேன்.

இந்த வீட்டில் அந்த வேலையை யார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது.

தாளைக் கிழித்துப் போட்டேன். ஒன்பதாவது பிழை கொஞ்சம் உறுத்துகிறது.

மார்ச் 27, வெள்ளி

"நாளைக்குக் குடுக்கறீங்களா, இல்ல இன்னும் ஊறணுமா?" என்று கேட்டாள்.

"ஊற வெச்சுப் பார்த்துட்டேன். போக மாட்டேங்குது. என்ன பண்றது, இப்படியே குடுக்க வேண்டியதுதான்."

"ஆமாங்க. வேற வழி?"

இரண்டு பேரும் முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டோம். அவளுடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

மார்ச் 28, சனி

சம்பந்தி வீட்டு நடைமேடையில் அதிகாரியை நிறுத்தினேன். சம்பந்தி பசை தடவி ஒட்டிவிட்டார். இனி எடுக்க முடியாது.

ரயில் வந்து நின்றது. பழைய ரயில் கார்டு ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"யோவ், இங்க பாருங்கய்யா! ஸ்டேஷன் மாஸ்டர் ஆடிப்போய் நிக்கிறாரு!"

"ரயில் லேட்டா வந்திருக்கும்."

"அதுக்கா பயப்படுவாரு? நேரத்துக்கு வந்துருச்சுய்யா. அதான் இப்படி முழிக்கிறாரு!"

அறையே சிரித்தது. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்து, தாங்கள் வேலை பார்த்த ஊர் மாஸ்டரின் முகம் இதுதான் என்று சத்தியம் செய்தார்கள். பொத்தானைப் பற்றி யாரும் பேசவில்லை.

"யார் பூசினது?" என்றார் கார்டு.

"எங்க சம்பந்தி" என்று சொல்லி, சம்பந்தி என் தோளில் கை போட்டார். காது இரண்டும் சுட்டன.

மகள் பக்கத்தில் வந்து, "எப்படிப்பா அழிக்காம விட்டீங்க?" என்றாள்.

"அழியலைம்மா" என்றேன். என் மனைவிக்கு அந்த நேரம் பார்த்துப் புரையேறியது.

மார்ச் 29, ஞாயிறு

நேற்று புறப்படும்போது சம்பந்தி இன்னொரு பொம்மையை என் கையில் வைத்தார். குடை பிடித்த பயணி அம்மாள். மேலே குறைந்தது ஐந்து பூச்சு. குடை எது, தலை எது என்று தெரியவில்லை. இதற்கு உண்மையாகவே ஸ்பிரிட் வேண்டும்.

காலையில் மனைவி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். "அப்படியே மருந்துக்கடையில ஸ்பிரிட் வாங்கிட்டு வந்துரு. பாட்டில்ல நீயே ஊத்தி வெச்சுரு" என்றேன்.

செருப்பில் கால் நுழைத்தவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"எத்தனை தடவைக்குங்க?"

"ஒரு தடவைக்கு."