திரைக்குப் பின்னால் இரண்டு போனோகிராப்கள்

பிப்ரவரி 9

என் அருமைப் பல்லுக்காரிக்கு,

நலம். நான் குடிவந்திருக்கும் மகள் வீடு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது என் கட்டிலே ஆடுகிறது. மாப்பிள்ளை தங்கமானவர், குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் குறை.

ஒரு சேதி. மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாற்றப் போன கடையில், கண்ணாடிக்காரியின் மேசைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. என்னவென்று கேட்டேன், திறந்து காட்டினாள். உன்னுடையதைப் போலவே உருளை மாட்டிப் பாடவைக்கும் போனோகிராப்! ஆனால் இது பிற்கால மாடல். சத்தம் வரும் கூம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை, பெட்டிக்குள்ளேயே மடக்கி வைத்திருக்கிறார்கள். ஊசிமுனை வைரமாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பல்செட் பட்டறையில் நாம் கேட்டதைவிடக் கணீரென்று இருந்தது. இப்போது மாலையில் அங்கேதான் போய் உட்காருகிறேன். அவளும் தனி ஆள். பேச்சுத்துணை ஆயிற்று.

நீ போன் செய்தாய் என்று மகள் சொன்னாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ரிசீவரோடு குடும்பம் நடத்தியவள் நான். அந்தச் சனியன் இனி வேண்டாம். கடிதமே எழுது.

உன்,
எக்ஸ்சேஞ்சுக்காரி


பிப்ரவரி 17

எக்ஸ்சேஞ்சுக்காரிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் ஆறியதும் சேர்த்துக்கொள்கிறேன்.

கணீரென்று இருந்ததாமே! கூம்பை மடக்கிப் பெட்டிக்குள் அடைத்தால் குரல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு வலி எங்கே என்று சொல்கிற நோயாளி மாதிரி வரும். சத்தம் பெரிதாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். சந்தையில்கூடத்தான் சத்தம் பெரிது. என் பெட்டி சின்னது, கூம்பு தகரம்; ஆனால் வயலின்காரன் வில்லைத் திருப்பும்போது வருகிற அந்தச் சின்ன மூச்சு அதில் கேட்கும். கேட்டதும் நீ என் முழங்கையைப் பிடிப்பாய். மறந்துவிட்டாயா?

அந்த வைர ஊசியை நம்முடையதைப் போன்ற மெழுகு உருளை எதன் மேலும் வைக்க விடாதே. உழுதுவிடும்.

நீ போன பிறகு ஞாயிறுகளில் பல்செட்டுகளுக்குத்தான் கச்சேரி. வரிசையாக வாயைத் திறந்துகொண்டு கேட்கின்றன. அவையாவது வேறு கடைக்குப் போவதில்லை. அந்த அம்மாளுக்கு என்ன வயது? நன்றாகச் சிரிப்பாளோ?

பல்லுக்காரி


மார்ச் 2

என் பொறாமைக்காரப் பல்லுக்காரிக்கு,

அவளுக்கு நம் வயதுதான். சிரித்தால் ஒரு பல் வரிசை தவறி உள்ளே தள்ளித் தெரியும். குறை சொல்ல உனக்கு அதுவே போதுமே!

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை. “அவங்களையே கொண்டு வரச் சொல்லுங்க. நடுவுல ஒரு திரை போட்டு, ரெண்டையும் ஓட்டிப் பார்ப்போம். எது எதுன்னு தெரியாம கேக்குறவங்க சொல்லட்டும்” என்றாள். இரண்டு பெட்டியிலும் ஓடக்கூடிய கெட்டி உருளை ஒன்று அவளிடம் இருக்கிறது. அதிலும் வயலின்தான். மூன்றாம் ஞாயிறு கடைக்கு விடுமுறை. வா. பெட்டிக்காக இல்லாவிட்டாலும் எனக்காக வா. கண்ணுக்குள்ளேயே நிற்கிறாய்.

எக்ஸ்சேஞ்சுக்காரி


மார்ச் 20

எக்ஸ்சேஞ்சுக்காரிக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்குக் காரணம் கேட்டிருப்பாய். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பஸ்ஸில் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முந்தின வாரம் முழுக்க அதற்குத்தான் வைத்தியம்: உள்ளே இருக்கும் சுருள்வில்லுக்கு எண்ணெய், அதிர்ந்து சத்தம் தரும் மைக்காத் தகட்டுக்குப் புது ரப்பர் வளையம். கண்ணாடிக்காரி டீ கொடுத்தாள், “உங்களப் பத்தியே பேசிட்டிருப்பாங்க” என்றாள். உன்னைப் பற்றி எனக்கே அவள் சொல்கிறாள்! சிரித்து வைத்தேன்.

திரைக்குப் பின்னால் நானும் அவளும். அந்தப் பக்கம் நீ, உன் மாப்பிள்ளை, பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர். சீட்டுப் போட்டதில் என்னுடையது முதலில். சாவி கொடுத்து ஊசியை இறக்கினேன். எப்படிப் பாடியது தெரியுமா? பதினெட்டு வருஷத்தில் அப்படிப் பாடியதில்லை. வில் திரும்புகிற மூச்சு வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நீ யார் முழங்கையைப் பிடிப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நீ உரக்கக் கேட்டாய்: “எப்பதாம்மா ஆரம்பிக்கப் போறீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். உன் மாப்பிள்ளை இருமி இருமிச் சிரித்தார். கண்ணாடிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு போய் உன் தோளைத் தொட்டாள். அது சிரித்ததைவிட மோசம். பிறகு அவளுடையது பாடியது. முதல் வரி முடியுமுன் கையைத் தூக்கினாய், “இதுதான்” என்று.

மற்ற மூன்று பேரில் இருவர் என்னுடையதுதான் இனிமை என்றார்கள். அவர்கள் யாரோ. எனக்கு எதற்கு?

பிடிக்கவில்லை என்றால் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் என்னைக் கேலி செய்து அவள் மனதைக் குளிர வைத்திருக்க வேண்டாம். இனி அங்கேயே உட்கார்ந்து கேள். நன்றாக இரு.

பல்லுக்காரி


மார்ச் 27

என் பல்லுக்காரிக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

நான் கேலி செய்யவில்லை. சத்தியமாக நீ இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். திரை இருந்ததால் உருளை சுற்றுவது தெரியவில்லை. உன் பட்டறையில் கடைசி ஒரு வருஷம் நான் கேட்டதெல்லாம் உன் முகத்தைப் பார்த்துத்தான். உன் புருவம் ஏறினால் வில் திரும்புகிறது என்று தெரியும். உடனே முழங்கையைப் பிடிப்பேன். அந்த மரப்பெட்டியில் மட்டும் ஏதோ கொஞ்சம் உள்ளே வந்து விழுகிறது. அதனால் அது நல்லது என்றேன். நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு ஏது யோக்கியதை?

போனை வேண்டாம் என்றதும் இதனால்தான். மகளுக்கு இன்னும் தெரியாது. திமிர் என்று நினைக்கிறாள். கண்ணாடிக்காரிக்கு நான் சொல்லவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். என் கண் எப்போதும் அவள் வாயிலேயே இருந்ததாம்.

உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நம் இருவருக்கும் நடுவில் இருந்ததே அந்தப் பெட்டிதானே. அது கேட்காதவளுக்கு உன் வீட்டில் என்ன வேலை என்று தோன்றிவிட்டது.

எக்ஸ்சேஞ்சுக்காரி


ஏப்ரல் 6

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்காரிக்கு,

முதலில் திட்டி முடித்துவிடுகிறேன். காது போனதை மன்னிப்பேன். என்னை ஏமாற்றி முழங்கையைப் பிடித்ததையும் மன்னிப்பேன். எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்ததே, அதை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். அந்த ஒரு வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். ஒன்றிரண்டு மாதமே பழகியவள் கண்டுபிடிக்கிறாள்! ஊரார் பல்லையெல்லாம் உற்றுப் பார்க்கிற கண், உன் முகத்தைப் பார்க்காமல் உருளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, போ.

இனி விஷயம். மகளிடம் சொல். டாக்டரிடம் போ, காதுக்கு மிஷின் கொடுத்தால் வாங்கி மாட்டிக்கொள். ஆனால் என் பட்டறைக்கு அது வேண்டாம். இந்தப் பழைய மாடல்களுக்குக் கூம்பு பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் ரப்பர் குழாயைச் செருகிக் காதில் வைத்துத்தான் கேட்டார்கள். என் பெட்டியில் கூம்பைக் கழற்றிவிட்டுக் குழாயை மாட்ட முடியும். அவளுடைய பெட்டியில் கூம்பை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். தலைகீழாக நின்றாலும் முடியாது. இதை அவளிடம் படித்துக் காட்டு.

குழாய் செய்துவிட்டேன். காதில் வைத்துப் பார்த்தேன், வயலின்காரன் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து வாசிக்கிறான். உனக்கு எவ்வளவு கேட்கும் என்று தெரியாது, கேட்டுப் பார்ப்போம். பல்லுக்கு அச்செடுக்கிற பசையிலேயே உன் காதுக்கும் அச்செடுத்து, நழுவாமல் ஒரு முனை வார்த்துத் தருகிறேன். அதற்கு நீ நேரில் வர வேண்டும். சனிக்கிழமை பஸ் ஏறு. நிறுத்தத்தில் நிற்பேன்.

குழாய் கடைசியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை உனக்கு, ஒரு கிளை எனக்கு. மூன்றாவது வைக்கவும் இடம் இருக்கிறது. வைக்கவில்லை.

உன்,
பல்லுக்காரி