தையல் அறையில் ஒரு விமானம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பாய். நம் வீட்டில் போனில் ரகசியம் பேச முடியுமா? கடையும் வீடும் ஒரே அறை, நடுவில் ஒரு திரை. வெட்டு மேசையில் நான் தும்மினால் அடுப்படியிலிருந்து "மாத்திரை போட்டீங்களா?" என்று குரல் வருகிறது. மெசேஜ் அனுப்பலாம் என்றால், என் போனில் உள்ள பொடி எழுத்தை எனக்குப் படித்துக் காட்டுவதே உன் அம்மாதான். அவள் இப்போது பொத்தான் வாங்கப் போயிருக்கிறாள். ஒரு பொத்தானுக்கு ஒன்பது கடை ஏறி இறங்குவாள், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். பக்கத்துப் பூட்டுக் கடைக்காரரின் தங்கை நாளை மறுநாள் உன் ஊருக்குத் திரும்புகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

கடை பரவாயில்லை. மழையில் ஜன்னல் ஓரம் ஒழுகியது, ஆளைக் கூப்பிட்டு அடைத்தாயிற்று. பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. உன் அம்மா வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

இனி அம்மாவின் முதுகு வலிக்காக நீ அனுப்பிய பார்சல் விஷயம். அது வந்த அன்று கடையில் ஒரே கூட்டம். பையைத் திறந்தால் மடக்கி வைத்த முதுகுச் சாய்மானம் ஒன்று, நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வார், ஓரத்தில் கைப்பிடி வைத்த இரண்டு ரப்பர் கயிறுகள், காற்று அடைத்து உட்கார ஒரு வட்டத் திண்டு. சாய்மானத்தின் நடுவில் காற்றுப் பை. ரத்த அழுத்தம் பார்க்கும்போது டாக்டர் அமுக்குவாரே, அந்த மாதிரி ரப்பர் உருண்டையை அமுக்கினால் பை உப்பி முதுகைத் தாங்குகிறது. பூட்டுக் கடைக்காரர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், பாராசூட்டா?" என்றார். அம்மா அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்சம் கூன் போட்டாலும் பின்னாலிருந்து முதுகில் இடிக்கிறது. "அடேயப்பா, வாத்தியார் மாதிரில்ல நிக்குது!" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் வாத்தியார்.

முதல் வாரமே வாத்தியார் எங்கள் மானத்தை வாங்கினார். கூட வந்த காகிதத்தில், இந்தத் திண்டை வேலை செய்துகொண்டே பயன்படுத்தலாம், உட்கார்ந்தபடி இடுப்பை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள், வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் பலப்படும் என்று போட்டிருந்தது. எழுதிய புண்ணியவான் தையல்காரிகளை நினைத்து எழுதவில்லை. உன் அம்மா திண்டைத் தையல் மெஷின் நாற்காலியில் போட்டாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை இடமும் வலமும் ஆடிக்கொண்டே ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கான வெள்ளைக் கோட்டுகளைத் தைத்து முடித்தாள். நான் இஸ்திரி போட எடுத்துப் பார்க்கிறேன், ஒரு தையலாவது நேராக இருக்க வேண்டுமே! பாம்பு ஊர்ந்த மாதிரி போகிறது. இத்தனை வருஷத்தில் அவள் கை ஒரு நூல் அளவு கோணியதில்லை. எனக்குத் தலை சுற்றியது. அவளோ கோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எனக்கு இடுப்பு பலமாயிருச்சு, கோட்டுக்குத்தான் இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றாள். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தோம். அதற்குப் பிறகு மெஷினில் சாய்மானம் மட்டும், ஆட்டமெல்லாம் வேலை முடிந்த பின்தான் என்று முடிவாயிற்று.

அதன் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தை மீறுகிறேன், பாவம் என்னோடு போகட்டும்.

அவளுக்கு டிஸ்க் விலகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள் என்பதும் தெரியும். தெரியாதது என்னவென்றால், பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போன முதல் நாளே உன் அம்மா கேட்ட கேள்வி. வலி எப்போது போகும் என்று கேட்கவில்லை. "விமானத்துல பத்து மணி நேரம் உக்காரணும், பொண்ணுக்குப் பிரசவம். அதுக்கு என்ன வழி?" என்று கேட்டாள். அந்தம்மா யோசித்துவிட்டு, தினமும் தவறாமல் செய்தால் பார்க்கலாம், இடையிடையே எழுந்து நடக்கலாம் என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

நம் கடையில் விமானம் ஓடியது என்றால் நம்புவாயா? வாடிக்கையாளருக்குப் போடும் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிப் போட்டு, முன் நாற்காலியில் முட்டி இடிக்கிற மாதிரி இடம் வைத்தாள். நடு இருக்கையில் அவள், வாத்தியாரைக் கட்டிக்கொண்டு. அவளுக்கும் வழிக்கும் நடுவில் ஓர ஆளாக நான். அவள் எழுந்து நடக்க வேண்டுமென்றால் என்னிடம், "கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்று கேட்பாள். நான் முன்பின் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். முகத்தைக் கோணினால், "உங்கள மாதிரி ஆளு பக்கத்துல வந்து வாய்ச்சா நான் என்ன பண்றது?" என்று திட்டு வேறு. கயிறு இழுப்பாள், வயிற்றை இறுக்குவாள், உருண்டையை அமுக்கிக் காற்றைக் கூட்டுவாள், குறைப்பாள். ஒருநாள் யாரோ பாவாடைக்கு அளவு கொடுக்க வந்து திரையை விலக்கினார்கள். "நாங்க மேல பறந்துட்டிருக்கோம், எறங்கினதும் வாங்க" என்றாள். வந்த பெண் மிரண்டு போய்விட்டாள்.

சிரிக்கிறாய்தானே? நானும் சிரித்தேன். ஆனால் ஆரம்பத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான்தான். "போதும், எறங்கிரு" என்று கெஞ்சியிருக்கிறேன். "நடுவானத்துல எப்படிங்க எறங்குறது?" என்பாள். நாளுக்கு நாள் நேரம் கூடியது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள் இருட்டும் வரை பறந்தாள். நடுநடுவே எழுந்து அடுப்படி வரை நடந்ததோடு சரி. இறங்கும்போது மேசையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. "நீங்க வாயத் தொறக்கக் கூடாது. நானே சொல்லணும். அவ அப்படியே ஆடிப் போயிரணும்" என்றாள்.

மறுநாள் நீ கூப்பிட்டாய். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அம்மா, உன்னால அவ்வளவு நேரம் உக்கார முடியாது. கஷ்டப்பட்டு நீ வர வேண்டாம். இங்க ஒரு நர்ஸம்மாவ ஏற்பாடு பண்ணிட்டோம், அவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றாய். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. உன் அம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "ரொம்ப நல்லதாப் போச்சும்மா. நானும் அதத்தான் நெனச்சேன். தையல் வேற தலைக்கு மேல கெடக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ நம்பிவிட்டாய். தூரத்திலிருந்து கேட்டால் யாரும் நம்புவார்கள்.

போனை வைத்ததும் நாற்காலிகளைப் பழைய இடத்தில் போட்டாள். திண்டின் மூடியைத் திறந்து, முட்டியால் அழுத்தி, காற்று முழுக்கப் போகும்வரை மேலேயே உட்கார்ந்திருந்தாள். வாத்தியாரை மடக்கிப் பையில் திணித்துப் பீரோ மேல் ஏற்றிவிட்டாள். டாக்டரம்மாவிடமும் போவதில்லை. ஏன் என்று கேட்டால், "இனிமே எதுக்கு? இங்கருந்து மெஷினுக்குப் போறதுக்கு இவ்வளவு பலம் எதுக்கு?" என்கிறாள். வெங்காயம் உரிக்கும்போது மட்டும், "எல்லாம் தெரிஞ்சவங்க இருக்காங்களாம்" என்று தனக்குத்தானே ஒருமுறை சொன்னாள். இப்போது பழையபடி கூனிக்கொண்டு தைக்கிறாள். வலி திரும்பிவிட்டது. நேற்று மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை. சரி, பொய் எதற்கு, உன் மேலும்தான். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அம்மா வலியோடு வரக் கூடாது என்று நீ நினைத்தாய். அவள் உட்காரப் பழகியது உனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் காய்ச்சல் வந்தால்கூட "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க கடைக்குப் போங்க" என்பாய். சொல்லும்போது அம்மாவின் முந்தானையை மட்டும் விட மாட்டாய். அன்றைக்குப் போனில் "நீ வர வேண்டாம்" என்று வேகவேகமாகச் சொன்னாயே, அப்போது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. நான் தப்பாகக் கேட்டிருக்கலாம். காது முன்னைப்போல் இல்லை.

நிஜமாகவே அம்மா வேண்டாம், நர்ஸம்மா போதும் என்றால், நான் எழுதியதை மறந்துவிடு. உன் உடம்பு, உன் வீடு, உன் பிள்ளை. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சமாவது பயம் இருந்தால் அதை அவளிடம் சொல்லிவிடு, கண்ணு. அப்பா எழுதினார் என்று சொல்லாதே. உடம்பு எப்படி இருக்கிறது, முடியுமா, முடியாதா என்றெல்லாம் கேட்காதே. கேட்டால் முடியாது என்பாள், உனக்காக. "பயமா இருக்கும்மா, நீ வா" என்று மட்டும் சொல். பீரோ மேலிருந்து வாத்தியாரை இறக்க அவளுக்கு அது போதும். டாக்டரம்மாவைப் போய்க் கேட்டேன். விட்டுப்போன நாள் அதிகமில்லை, உடனே தொடங்கினால் உன் தேதிக்குள் தேறிவிடுவாள் என்கிறார். டிக்கெட் போடும்போது மாப்பிள்ளையிடம் சொல்லி வழி ஓரத்து இருக்கையாகப் போடச் சொல். அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். பக்கத்தில் எழுந்து வழிவிட நான் இருக்க மாட்டேன்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். சமைக்கத் தெரியும். பூட்டுக் கடைக்காரர் சாயங்காலம் வந்து பேசிக்கொண்டிருப்பார். தையலுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி வருகிறேன் என்றிருக்கிறாள். எத்தனை மாதம் வேண்டுமோ வைத்துக்கொள். நானாக எப்போது வருகிறாள் என்று கேட்க மாட்டேன்.

தெருமுனையில் அவள் குரல் கேட்கிறது, பொத்தான் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. நீ நிறைமாதமாக, ஒரு குறையும் இல்லாமல், சுகமாகப் பெற்றெடுக்க வேண்டும். தாயும் பிள்ளையுமாக நீங்கள் நல்லபடி இருக்க வேண்டும். அப்பாவின் மனமார்ந்த ஆசி.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கூப்பிடு. போன் எவ்வளவு நேரம் அடித்தாலும் அடிக்கட்டும். நான் எடுக்க மாட்டேன், அவள் எழுந்து வந்து எடுக்கும்வரை வைத்துவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா