புரியாத மாதிரி

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவின் போனில் ரிங்டோனை மாற்றி வைத்தேன். இனி யார் கூப்பிட்டாலும் அம்மாவின் குரல் கத்தும்: "எங்க இருக்கீங்க? எங்க இருக்கீங்க?" அவர் லிப்ட் மெக்கானிக். ஏதோ அலுவலகத்தில் லிப்ட் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது அடித்ததாம். கூட வேலை செய்கிறவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அண்ணி எப்ப வந்தாங்க?" என்று கேட்டாராம்.

வழக்கமாக இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை. குழாயைத் திறந்தால் சில நேரம் காற்று மட்டும் வருமே, அந்த மாதிரி.

காரணம் தெரியும். தம்பியை ஜூனில் பாலர் வகுப்பில் சேர்க்கிறீர்களா, இல்லை அடுத்த வருடமா என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் சொல்ல வேண்டும். வயது ஐந்து முடிந்துவிட்டது. பேச்சு இன்னும் வரவில்லை. காதில் கோளாறு இல்லை, பரிசோதித்தாகிவிட்டது. மிட்டாய் உறையைப் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். வாயில் வருவது மா, பா, க்கா, ஊ. அவ்வளவுதான். அதிலும் 'ஊ' என்றால் லிப்ட், பஸ், மின்விசிறி, இன்னொரு தடவை, எல்லாமே.

நான் அவனுக்கு வைத்த பெயர் சைலன்சர். அப்பா முதலில் முறைத்தார். அப்புறம் அவரே, "பேருதான் சைலன்சர். வண்டியோட சத்தமெல்லாம் அது வழியாத்தான் வரும்" என்றார். வீட்டில் என் பெயர் வாய். "அந்த வாய் எங்க போச்சு?" என்று அம்மா கேட்டால் நான்தான்.

மார்ச் 5, வியாழன்

சாப்பாட்டு மேசையில் சண்டை. தட்டுகள் காய்ந்துபோகும் வரை.

அப்பா: "சேத்துடலாம். நாலு பசங்களோட பழகினா தானா வரும். லிப்ட்ட நடு மாடியில நிறுத்தி வெச்சா பழுதுதான் ஆகும்."

அம்மா: "உங்க லிப்ட்டுக்கு ஒண்ணுக்கு வந்தா யார்கிட்டப் போய் சொல்லும்?"

அம்மா விடவில்லை. "எவனாவது கிள்ளி வெச்சா? கதவுல கை மாட்டிக்கிட்டா? வந்து சொல்லத் தெரியுமா அவனுக்கு? ஒரு வருஷம் போகட்டும்."

நடுவில் அத்தை போனில். "நம்ம வீட்டு ஆம்பளைங்களே லேட்டுதான்டீ. உங்கப்பன் நாலு வயசு வரைக்கும் வாயே தெறக்கல."

"இப்பவும் அம்மா முன்னாடி தெறக்கறதில்ல அத்தை" என்றேன். அத்தை மட்டும் சிரித்தாள்.

அம்மா அந்தப் பள்ளிக்குத்தான் சீருடை தைக்கிறாள். முன்னறை முழுக்க வெளிர்நீலச் சட்டைகள், பொம்மைக்குத் தைத்த மாதிரி குட்டிக் கைகளோடு. ஒரு சட்டையும் ட்ரவுசரும் மட்டும் வெட்டி, தைக்காமல், சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறாள். யாருடையது என்று நான் கேட்கவில்லை.

எனக்கு வாய், தம்பிக்கு வாய்தா. நல்லாத்தான் இருக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

பேச்சுப் பயிற்சி தரும் அக்காவிடம் போனோம். குட்டை மேசை, அதைவிடக் குட்டை நாற்காலிகள். அம்மாவின் முழங்கால் தாடை வரை வந்தது. அந்த அக்கா சோப்புக் குமிழி ஊதினாள். தம்பி "ஊ" என்றான். இன்னும் ஊதினாள். பிறகு அவன் தன் முட்டியைத் தட்டினான்.

"தண்ணி" என்றேன்.

காதை இழுத்தான்.

"பாத்ரூம்."

அவள் குமிழிக் குச்சியைக் கீழே வைத்தாள். "நீ யாரும்மா, அவனுக்கு சப்டைட்டிலா?"

"அதுதான் எங்க வீட்டு வாய்" என்றாள் அம்மா. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"சரி. உங்க வீட்டுக்கு வெளியில முட்டியத் தட்டினா யாரு தண்ணி குடுப்பாங்க?"

தம்பியைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்தேன்.

எப்போது சேர்க்கலாம் என்று அம்மா கேட்டாள். அந்த அக்கா நாள் எதுவும் சொல்லவில்லை. "வயச மட்டும் பாத்தா பதில் வராது. பேச்சு வந்தப்புறம்தான்னு உக்காந்திருக்கவும் வேணாம். தெரியாத ஒருத்தர்கிட்ட தனக்கு வேணுங்கறத எப்படியாவது புரிய வைக்கிறானா? ஒரு வழி பலிக்கலன்னா இன்னொண்ணு தேடறானா? கையப் புடிச்சு இழுத்தாலும் சரிதான். அத மட்டும் பாருங்க." வீட்டுக்கு ஒரு பயிற்சியும் கொடுத்தாள். அவன் கேட்டதும் ஓடக் கூடாது. ஒரு மூச்சு இழுத்து மெதுவாக விட வேண்டும். அது வரைக்கும் நமக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு கொடுத்துவிட வேண்டும். "ஒரே ஒரு மூச்சு. தவிக்க விடாதீங்க."

"புரியாத மாதிரி நடிக்கணும், அவ்ளோதானே? கணக்கு வகுப்புல தினமும் பண்றதுதான்" என்றேன்.

மார்ச் 14, சனி

எங்கள் வீட்டு நடிகர்களைப் பற்றி.

அப்பா தேற மாட்டார். தம்பி முட்டியைத் தொடுவதற்கு முன்பே டம்ளரோடு நிற்கிறார். "அவன் பாத்தான்டீ, தண்ணிய ஒரு மாதிரி பாத்தான்" என்கிறார். அம்மா மூச்சை இழுத்து, விட மறந்து, முகம் சிவந்து, கடைசியில் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

நான் அசல் கலைஞி. 'ஙே' என்று ஒரு முகம் வைத்திருக்கிறேன்: வாய் திறந்திருக்கும், ஒரு கண் கொஞ்சம் மேலே போகும். தம்பி முட்டியைத் தட்டினான். ஙே. மறுபடி தட்டினான். ஒரு மூச்சு. சமையலறைக்குள் ஓடிப்போய் டம்ளரைக் கொண்டுவந்து என் வயிற்றில் குத்தினான்.

டம்ளர்! அப்பா இரண்டு கையையும் மேலே தூக்கி வீட்டைச் சுற்றி ஓடினார். தம்பியும் "ஊ" என்று பின்னாலேயே.

மார்ச் 17, செவ்வாய்

ஙே முகத்தைப் பார்ப்பதற்காகவே தண்ணீர் கேட்கிறான். இன்று டம்ளர் டம்ளராகக் குடித்தான்.

மார்ச் 21, சனி

அம்மா நூல் வாங்கப் போயிருந்தாள். நானும் அவனும் மட்டும். கூடத்தில் என் முன்னால் வந்து நின்று காதை இழுத்தான். ஙே. அவன் சிரித்தான். ஒரு மூச்சு விட்டேன். அத்தோடு எழுந்திருக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று இன்னொரு மூச்சு. கண்ணை இன்னும் மேலே கொண்டுபோனேன். இன்னொன்று. அவன் சிரிப்பை நிறுத்தியது எப்போது? பார்க்கவில்லை. என் முகத்தில்தான் எனக்குக் கவனம். இரண்டு காதையும் பிடித்து இழுத்தான், தோடு இருந்திருந்தால் பிய்ந்திருக்கும். அப்புறம் தரையில் சத்தம் கேட்டது.

அவன் அழவில்லை. நனைந்த கால்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் முகத்தில் ஙே அப்படியே இருந்தது. கழற்ற மறந்துவிட்டேன்.

துடைத்தேன். குளிப்பாட்டினேன். வேறு ட்ரவுசர் போட்டேன். அம்மாவிடமும் சொன்னேன், அறிவிப்புப் பலகையை வாசிப்பது போல.

எனக்கு நானே: ஒரு மூச்சுன்னுதானே சொன்னாங்க? ஒண்ணு. எதுக்குடி அத்தன விட்ட? யார் கைதட்டப் போறாங்கன்னு —

எழுத வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அம்மா அவனுடைய ட்ரவுசர்களில் பொத்தான்களைப் பிரித்துவிட்டு எல்லாவற்றுக்கும் எலாஸ்டிக் வைத்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 27, வெள்ளி

என்னிடம் எதுவும் கேட்பதில்லை இப்போது. முட்டி இல்லை, காது இல்லை, க்கா இல்லை. தானே போய்த் தானே வருகிறான். பாத்ரூம் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கிறான். சோபாவில் ஒரு தலையணை கிடக்கும், பக்கத்தில் நான் கிடப்பேன். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தையல் மெஷின் மேல் ரப்பர் பல்லியை வைத்தேன். அம்மா அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தைத்தாள்.

ராத்திரி சாப்பாட்டில் அப்பா, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். புள்ளை தயாராகல" என்றார். அம்மா, "தானா பாத்ரூம் போறான். எலாஸ்டிக் இருந்தா போதும். இன்னும் எதுக்கு வெச்சுக்கிட்டு?" என்றாள். இருவரும் பக்கம் மாறிவிட்டார்கள். அது இருவருக்கும் தெரியவில்லை. சண்டை மட்டும் அதே சண்டை.

என்னைக் கேட்டார்கள், நீ என்ன நினைக்கிற என்று. ஒன்றுமே நினைக்கவில்லை. "வாய்க்கு என்னாச்சு?" என்றார் அப்பா.

ஏப்ரல் 4, சனி

ஒன்றுமில்லை. சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

ஒரு காலைப் பொழுது வகுப்பில் உட்கார வைத்துப் பாருங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். எனக்கு விடுமுறை, கூடவே போனேன். வாசலில் வகுப்பு டீச்சர் அம்மாவிடம், "இவனுக்கு வேணுங்கறத எப்படிக் காட்டுவான்னு எதுவும் சொல்லாதீங்க. நானே கண்டுபிடிக்கிறேன். ஒரு காலைதானே" என்றார். அம்மாவைத் தலைமையாசிரியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். நான் வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு பாலர் நாற்காலியில். கதவில் சின்னக் கண்ணாடி. எழுந்து நின்றால் உள்ளே தெரியும். எழுந்து நின்றேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. கட்டைகளை அடுக்கினான். ஒரு பெண் குழந்தை அவனிடம் ஏதோ நீளமாகப் பேசினாள், அவன் அவளுக்கு ஒரு கட்டை கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு அவள் மறுபடியும் பேசினாள். என்னைப் போல ஒன்று, பாவம்.

பிறகு அவன் எழுந்து டீச்சரிடம் போய்க் காதை இழுத்தான்.

டீச்சர் குனிந்து அவன் காதைப் பார்த்தார். வலிக்கிறதா என்று தடவினார். அவன் மறுபடி இழுத்தான். அவர் முகத்தில் நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. நான் வைக்கிற ஙே எல்லாம் அதற்குப் பக்கத்தில் வரவே வராது.

என் கை கதவுப் பிடியில் இருந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பாத்ரூம். நாலு எழுத்து. போடீ, எதுக்கு நிக்கற, போ — காலுக்கு அது கேட்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நிற்கவில்லை. மரத்துப்போய் நின்றேன். மூச்சு மட்டும் போய் வந்தது.

அவன் காதை விட்டான். டீச்சரின் விரலைப் பிடித்தான். இழுத்தான். உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. கதவு திறந்தது. நான் ஒதுங்கினேன். என்னைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டு டீச்சரை இழுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

தப்பான பக்கம். அந்தக் கோடியில் விளக்குமாறு வைக்கிற அறைதான் இருக்கிறது. அதன் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடி, ட்ரவுசரின் எலாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு டீச்சரை அண்ணாந்து பார்த்தான். "அட, அதுவா! வா வா வா" என்று அவர் ஓடினார்.

நனையவில்லை. நான் திரும்பவும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. தெரிந்தது மட்டும்தான்.

ஏப்ரல் 17, வெள்ளி

அம்மா மறுபடி மறுபடி சொல்ல வைக்கிறாள். "இழுத்துட்டுப் போனானா? அவனாவா?"

அப்பா: "தப்பான பக்கம் இழுத்தான்னு சொன்னியே."

"தப்பான பக்கம்தான்" என்றேன். "ஆனா இழுத்தான்ப்பா. அது இல்லன்னதும் வேற மாதிரி காட்டினான்."

அப்பா எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "நானும் புது பில்டிங்ல முதல் நாள் லிப்ட் மெஷின் ரூமைத் தேடித்தான் அலையறேன்" என்றார்.

அம்மா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 25, சனி

பேச்சுப் பயிற்சி அக்காவும் சரி என்றாள். முதலில் மதியம் வரை மட்டும். அவனுடைய சைகைகளை எல்லாம் படமாக வரைந்து டீச்சரிடம் கொடுக்கச் சொன்னாள். நான்தான் வரைந்தேன். காதை இழுக்கும் படத்தில் அவன் முயல் மாதிரி வந்துவிட்டான். முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு அடுத்த வருடம் மறுபடி சேர்க்கலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள். அப்பா பள்ளிக்குப் போன் செய்தார்.

பீரோ மேல் இருந்த சுருளை அம்மா இறக்கினாள். சட்டையின் ஓரத்தில் நாலு விரல் அளவு உள்ளே மடித்து விட்டாள். "எதுக்கும்மா இவ்ளோ?" என்றேன்.

"அடுத்த வருஷமும் பாலர் வகுப்புன்னாலும் பிரிச்சு விட்டாப் போதும். பெரிய வகுப்புக்குப் போனாலும் அதே சட்டைதான்" என்றாள். மெஷின் ஓடியது.

ஜூன் 1, திங்கள்

வகுப்பு வாசலில் எல்லாக் குழந்தைகளும் அழுதுகொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது: "எங்க இருக்கீங்க? எங்க இருக்கீங்க?" அழுகை சட்டென்று நின்றது. சைலன்சர் அப்பாவின் சட்டைப் பையைக் காட்டி, டீச்சரிடம், "மா" என்றான். உள்ளே போனான். அம்மாதான் அழுதாள்.

ரிங்டோனை மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார்.

ஜூன் 12, வெள்ளி

பள்ளிவிட்டு வந்து சோபாவில் கிடந்தேன். அவன் மதியமே வந்துவிடுவான். அம்மா முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள்.

என் முன்னால் வந்து நின்றான். மார்ச்சுக்குப் பிறகு இப்படி வந்து நின்றதே இல்லை. உள்ளங்கையைத் தலைமேல் வைத்துத் தட்டினான். கன்னங்களை உப்பினான். "ப்பு" என்றான்.

முட்டி இல்லை, காது இல்லை. எங்கள் வீட்டில் இல்லாத ஒன்று. தலை வலியா? தொப்பியா? பசியா?

"அம்மா, தலையத் தட்டி 'ப்பு'ன்னா என்ன?"

மெஷின் நின்றது. "எனக்கென்ன தெரியும்? ஸ்கூல்ல புடிச்சிருப்பான்." மெஷின் ஓடியது.

ஒரு மூச்சு இழுத்து விட்டேன். புரியவில்லை. இன்னொன்று. ம்ஹூம். வாய் திறந்திருந்தது, நான் திறக்கவில்லை. முகம் தானாகவே அப்படிப் போயிருந்தது. அவன் அந்த முகத்தைப் பார்த்தான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன்.

போகவில்லை. உள்ளங்கையை மறுபடி தலைமேல் வைத்தான். இந்தத் தடவை மெதுவாக, மந்தமான பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. தட்டினான். கன்னத்தை உப்பினான்.

"க்கா" என்றான்.

பிறகு, நான் மூச்சு விட்டு முடிக்கும் வரை, காத்திருந்தான்.