நெருப்பு காக்கிற வீடு

12 ஜூன் 1967
இன்றும் இருமல். ஈர விறகை ஊதி ஊதித் தொண்டையே புண்ணாகிவிட்டது. டாக்டர் புகை ஆகாது என்கிறார். அத்தையிடம் சொன்னால், இந்த ஊரிகம் சுரங்கக் குடியிருப்பு லைனில் மற்றப் பெண்களுக்கெல்லாம் நெஞ்சு இல்லையா என்று கேட்கிறார். இங்கே ஆம்பிளை சுரங்கத்தில் இறங்கினால், அவர் மேலே வரும்வரை வீட்டு அடுப்பு அணையக்கூடாது. சமையல் முடிந்தாலும் ஒரு கட்டை கனன்றுகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டைக்குக் காவல் நான்.

3 ஜூலை
அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் பின்பக்கம் உட்கார்ந்து ஒரு உலைச் செங்கல்லைச் செதுக்குகிறார். வட்டம் வட்டமாகப் பள்ளம். அதில் கம்பிச் சுருள் படுக்குமாம். கம்பி தருவது சுரங்கத்து எலெக்ட்ரிக் ஷாப்பில் வேலை செய்யும் சிநேகிதர் ஜெயகரன். புகையே வராது, நின்றுகொண்டே சமைக்கலாம் என்றார். மேடை போட என் இடுப்பு உயரத்தை முழம் போட்டு அளந்தார். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

20 ஜூலை
கரண்ட் அடுப்பில் முதல் சோறு. அத்தை தொடவில்லை. விறகடுப்பும் எரிகிறது. ஒன்று சமைக்க, ஒன்று காக்க. அப்புறம் என்ன லாபம்?

8 ஆகஸ்ட்
அவர் அத்தையிடம் நேராகவே சொல்லிவிட்டார்.
"நாளைலேர்ந்து விறகடுப்பு வேணாம்மா. இவ இருமி இருமி செத்துட்டா, நான் மேல வந்து இன்னா பண்றது?"
அத்தை எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நான் அடுப்பில் தண்ணீர் தெளித்துச் சாம்பலை வாரிக் கொட்டினேன்.

19 ஆகஸ்ட்
நன்றாகத் தூங்கினேன். இருமல் குறைவு.

2 செப்டம்பர்
பால் காய்ந்துகொண்டிருந்தது. தரை குலுங்கிப் பாத்திரமெல்லாம் உருண்டன. ஏர் பிளாஸ்ட். கீழே பாறை வெடித்திருக்கிறது. அவர் உள்ளே —

5 செப்டம்பர்
மேலே கொண்டுவந்தார்கள். முகத்தைக் காட்டவில்லை.

17 செப்டம்பர்
பக்கத்து வீட்டு சரோஜம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அடுப்ப அணைச்சா, புருஷன் போயிட்டான்." நான் அத்தையைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று கீழே அதே லெவலில் அவரோடு வேலை பார்த்த கோவிந்தனும்தான் செத்தார். அவர் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்தது? அதை ஏன் ஒருத்தியும் கேட்கவில்லை? பாவிகள்.

4 அக்டோபர்
கரண்ட் அடுப்பைப் பரணில் போட்டேன். இதேபோல் வேண்டும் என்று ஜெயகரனிடம் சொல்லி வைத்திருந்தவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். எனக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. அதனால் கம்பெனி வீடு பறிபோகாமல் தப்பியது.

11 ஜனவரி 1969
விறகு ஈரம். இருமல்.

6 நவம்பர் 1972
லைனில் புதிதாக வந்த மருமகள்கள் எல்லாரும் கரண்ட் அடுப்பு கேட்கிறார்கள். சரோஜம்மா வீட்டிலும் வந்துவிட்டது. காபி எத்தனை சீக்கிரம் ஆகிறது என்று என்னிடமே வந்து சொல்கிறாள்.

23 நவம்பர்
காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. கண் விழித்தால் அத்தை பரணிலிருந்து அந்த அடுப்பை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.
"இப்போ இந்த வூட்ல யாரு உள்ள இறங்கறாங்க, நெருப்பு காக்கறதுக்கு" என்றார். துடைத்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னிக்கும் நான் அணைய வுடல, சம்பங்கி. பின்னால வெந்நீர் அடுப்புல சாம்பல் மூடிக் கங்கு வெச்சிருந்தேன். தினமும் வெச்சேன்."
அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இத்தனை வருஷம் ஊர் என்னைக் கொலைகாரி என்றது.
"சொன்னா, நெருப்பு காத்தும் எம்புள்ள போயிட்டான்னு ஆயிடுமே."
மேடை என் இடுப்பு உயரத்துக்குக் கட்டியது. அத்தைக்கு எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி நின்று எனக்குக் காபி போட்டார். ஏறி நிற்க முக்காலி என் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. நான் சொல்லவில்லை.