மேற்கு மூலை அறை

பிப்ரவரி 6

அருமை ஸ்கேலுக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. வாழ்த்துச் சொல் என்று என் மனசாட்சி நேற்றிலிருந்து நச்சரிக்கிறது. சொல்லிவிட்டேன், வைத்துக்கொள்.

ஆபீஸ் மெயிலில் எழுதினால் ஊரே படிக்கும். அதனால் வரைபடங்களைச் சுருட்டிப் போட்டு வாராவாரம் உன் கிளைக்கு அனுப்பும் குழாய்க்குள் இதைச் செருகி அனுப்புகிறேன். பதிலையும் அப்படியே அனுப்பு.

நீ கிளம்பிய பிறகு இங்கே நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கணக்குப் பிரிவு அக்கா வந்து, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கட்டடக்கலை படிச்சீங்க? நீங்கதானே இங்க முதல்ல சேர்ந்தீங்க?" என்றார். துக்கம் விசாரிப்பதுபோல ஒரு குரல். ஆமாம், நான்தான் முதலில் சேர்ந்தேன். உன்னை இழுத்துவந்ததும் நான்தான். கல்லூரியில் நீ ஸ்கேலும் கையுமாக அலைவாய். நான் போட்டதை அழித்து அழித்துத் திரும்பப் போடுவேன், அதனால் ரப்பர். ஆனால் ப்ளான் என்று வந்தால் வகுப்பே என் மேஜையைத்தான் எட்டிப் பார்க்கும். நீயும்தான். இப்போது நம் முதலாளிப் பெரியவர் ஒரு கிளை அலுவலகத்தையே தூக்கி உன் கையில் கொடுத்துவிட்டார்.

எனக்கு வயிறு எரிகிறதடி. மறைத்து என்ன ஆகப்போகிறது? உன்னிடம்தானே சொல்ல முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைகால் தெரியாமல் ஆடாதே.

உன்,
ரப்பர்


பிப்ரவரி 17

அன்புள்ள ரப்பர்,

உன் வயிற்றெரிச்சலைப் படித்துச் சிரித்தேன். ஒருநாள் என் நாற்காலியில் வந்து உட்கார், தானாக அணைந்துவிடும்.

கிளை அலுவலகம் என்றால் என்ன நினைத்தாய்? மெத்தைக் கடைக்கு மேலே ஒரு காலி மாடி. சிமெண்ட் தரை, மூன்று பக்கம் ஜன்னல், பழைய வாடகைக்காரர் சுவரில் விட்டுப்போன ஆணிகள். வரைவாளர்கள் என் முகத்தைக் கடனே என்று பார்க்கிறார்கள். கான்டிராக்டர் ஒருவர் என்னிடம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "சரிம்மா, பெரியவர் எப்ப வருவாரு?" என்றார். கோபத்தை விழுங்கிக்கொண்டு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

இத்துடன் மாடியின் அளவுப்படம் இருக்கிறது. யார் எங்கே உட்காருவது என்று நான் ஒன்று போட்டேன், எனக்கே பிடிக்கவில்லை. நீ சிவப்பு மையில் திருத்திக் கொடு. எப்படிப் போடுகிறாயோ அப்படியே கட்டிவிடுகிறேன்.

இன்னொன்று. வடிவமைப்பைப் பார்த்துக்கொள்ள எனக்கு இணையாக ஓர் ஆள் போடலாம் என்று பெரியவர் சொல்கிறார். நீ வருவாயா? மழுப்பாமல் பதில் எழுது.

உன் ஸ்கேல்


பிப்ரவரி 25

ஸ்கேல்,

படம் இத்துடன். வரைவாளர்களை இருட்டில் தள்ளிவிட்டு வடக்கு ஜன்னல் முழுவதையும் உன் அறைக்கே சுருட்டிக்கொண்டாயே, மகாராணி. மேஜைகள் எல்லாவற்றையும் வடக்கே கொண்டுவந்துவிட்டேன். அங்கேதான் கண் கூசாத வெளிச்சம். சைட்டிலிருந்து சேறும் சகதியுமாக வருகிறவர்கள் பின்படி வழியாக வரட்டும். உன் அறையை மேற்கு மூலைக்கு மாற்றியிருக்கிறேன். நல்ல பெரிய கண்ணாடி, தெரு முழுக்கத் தெரியும். தலைமைக்கு அதுதான் எடுப்பு.

நீ கேட்டதற்குப் பதில். இணை என்பாய், போர்டில் உன் பெயர்தான் மேலே இருக்கும். இருந்தாலும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அடுத்தவர் போட்ட மாடிப்படிக்குக் கைப்பிடி வரைந்து வரைந்து அலுத்துவிட்டது. ஒரு கட்டடமாவது என் மனம்போலப் போடவேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. பெரியவரிடம் நீயே என் பெயரைச் சொல். நானாகப் போய்க் கேட்க மாட்டேன், தெரியும் உனக்கு.

ரப்பர்


ஏப்ரல் 11

அன்புள்ள ரப்பர்,

நீ போட்டபடியே கட்டியாயிற்று. வரைவாளர்கள் இப்போது சிரித்துப் பேசுகிறார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து செடி கொண்டுவந்து தன் ஜன்னலில் வைத்திருக்கிறாள். என் அறை மதியத்தில் கொஞ்சம் வெக்கை, மற்றபடி சுகம்.

பெரியவர் அடுத்த வாரம் வருகிறார். உன் பெயரைச் சொல்கிறேன். பெட்டியைத் துடைத்து வை.

உன் ஸ்கேல்


ஏப்ரல் 24

ஸ்கேல்,

உன் கிளையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பெரியவருக்கு வாயெல்லாம் பல். இன்று கூட்டத்தில், "வேலை செய்யறவங்களுக்கு நல்ல வெளிச்சத்தைக் குடுத்துட்டு, தான் போய் அந்த வெயில்ல உக்காந்திருக்கா. ஆபீஸ் நடத்தறதுன்னா இதுதான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கணக்குப் பிரிவு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தட்டினேன், காதில் புகை வர வர.

யார் போட்ட ப்ளான் அது? ஒவ்வொரு மேஜையும் நான் நகர்த்தியது. அந்த மூலை அறையும் நான் போட்டதுதான். தலைமைக்கு எடுப்பு என்று எழுதியது சுத்தப் பொய். மத்தியானம் முழுக்க நீ அதில் வேகவேண்டும் என்றுதான் போட்டேன். நீ ஒரு வார்த்தையாவது புலம்புவாய், எனக்கும் கொஞ்சம் மனசு குளிரும் என்று காத்திருந்தேன். நீயோ, அங்கே உட்கார்ந்தே பெயர் வாங்கிவிட்டாய். பெயர் கிடைக்கும் என்றுதானே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய்? நான் கெடுதலே செய்தாலும் அது உனக்கு நல்லதாகப் போய் முடிகிறது. இது என்ன நியாயம்?

பெரியவரிடம் உண்மையைச் சொல். படம் என்னுடையது.

ரப்பர்


மே 3

ரப்பருக்கு,

படம் உன்னுடையது என்று அவர் மாடிக்குள் காலெடுத்து வைத்ததுமே சொன்னேன். மேஜைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியானால் அவளையே இங்கே அனுப்பலாமே என்றார். அனுப்புங்கள் என்றேன். முடிவு செய்து போன் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் அறைக்கு மட்டும், நானே விரும்பி வெயிலை எடுத்துக்கொண்டேன் என்று அவராக ஓர் அர்த்தம் செய்துகொண்டார். அதைத் திருத்தப் போனால் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டேன்.

ஆமாம், அந்த மூலை அறையை எதற்குப் போட்டாய் என்று தெரியும். சிவப்பு மையைப் பார்த்தபோதே தெரிந்தது. மேற்கு எந்தப் பக்கம் என்று தெரியாதவளிடமா ஆபீஸைக் கொடுப்பார்கள்? மற்றதையெல்லாம் இம்மி பிசகாமல் போட்டவள் அந்த ஓர் இடத்தில் மட்டும் தவறுவாளா? நான் மாற்றிக் கட்டினால் ஏன் என்று கேட்பாய், காரணத்தைச் சொல்ல வேண்டிவரும். அதற்கு வெயிலே தேவலை என்று நினைத்தேன். ஒரு திரை போட்டால் தீர்ந்தது. இங்கே வந்து நாலு நாள் கூட இருந்தால் உனக்கும் ஆறிவிடும் என்று நம்பினேன்.

நேற்று பெரியவர் போன் செய்தார். "அந்தப் பொண்ணை அனுப்பிடலாமா? உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். உன் கடிதம் எனக்கு முன்னால் விரித்தபடி இருந்தது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை.

வெயிலுக்காக இல்லை. அதைத் தாங்கிவிட்டேன். பெயருக்காக உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினாய் பார், அதைத் தாங்க முடியவில்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் அப்படி நினைக்கட்டும். நீ நினைக்கமாட்டாய் என்று இருந்தேன்.

இனி வேலை இருந்தால் மட்டும் எழுதவும். பதில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கிளை அலுவலகத் தலைவர்