உயிரோடு இருப்பதற்கான படிவம்

அம்மா,

இன்று காலை தபாற்பெட்டியில் உங்கள் பெயருக்கு ஒரு பழுப்பு உறை. கொழும்பு முத்திரை. பிரிக்காமலே தெரியும். நீங்கள் உயிரோடு இருப்பதை ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஓய்வூதியக் கந்தோர் வருடாவருடம் அனுப்பும் படிவம். நீங்கள் போய் மூன்று வாரம். அவர்களுக்கு நான் இன்னும் அறிவிக்கவில்லை.

இந்தப் படிவத்துக்காக இங்கே லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சமாதான நீதவானிடம் போவோம். வயதான வெள்ளைக்காரர். நீங்கள் நல்ல சேலை உடுத்துவீர்கள். "இந்த வருசமும் சாகேல்லை எண்டு அவருக்குச் சொல்லு பிள்ளை" என்பீர்கள். நான் சொன்னதும், தானும் சாகவில்லை என்று அவர் சிரிப்பார்.

அந்த ஓய்வூதியப் பணத்தை ஊரில் எடுத்தது சின்னம்மா. இடம்பெயர்ந்து வவுனியாவில் ஒற்றை அறையில் இருந்த உங்கள் தங்கைக்கு அதுதான் சாப்பாடு. உங்கள் கைக்கு ஒரு சதம் வந்ததில்லை.

ஒடாஹுஹுவில் இந்த நாட்டு அரசின் உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது, கந்தோரில் இருந்த பெண் கேட்குமுன்பே ஓய்வூதிய அட்டையை மேசையில் வைத்தீர்கள். "இருபத்தெட்டு வருசம் படிப்பிச்சனான். பிச்சைக்கு வரேல்லை எண்டு இந்தப் பெட்டைக்கு விளங்கட்டும்."

அவளுக்கு நன்றாகவே விளங்கியது. அட்டையைப் படியெடுத்தாள். அங்கே கிடைக்கும் அளவு இங்கே வெட்டப்படும் என்றாள். பணம் தங்கைக்குப் போகிறது என்று நான் கத்தினேன். யார் எடுத்தாலும், எடுக்காமலே விட்டாலும், உங்களுக்கு வந்ததாகத்தான் கணக்கு என்றாள். இந்தச் சட்டத்தை எழுதியவனின் தாய் குளிரில் இருந்திருக்கமாட்டாள்.

பஸ்ஸில் சண்டை பிடித்தோம்.

"காசை இங்க எடுப்பியுங்கோ அம்மா."

"அவள் என்னத்தைத் தின்னுறது?"

"நீங்கள் என்னத்தைத் தின்னுறது?"

"எனக்கு நீ இருக்கிறாய். அவளுக்கு ஆர்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு, இங்கே நடுக்குளிர்காலமான ஜூலையிலும் நீங்கள் ஹீட்டர் போடவிடவில்லை. என் பழைய கோட்டை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தீர்கள். உதவிப்பணத்தில் வெட்டியதை நீங்கள் குளிரிலும் சோற்றிலும் ஈடுகட்டினீர்கள். நான் இரண்டு வேலை செய்து வாடகை கட்டினேன். உங்கள் இருமலைக் கேட்டுக்கொண்டே வெளிக்கிட்டுப் போனேன். அந்தப் பழியை எந்தக் கந்தோர் மேலும் என்னால் போட முடியவில்லை.

இன்று பின்னேரம் அந்தப் படிவத்தோடு நீதவானிடம் போனேன். கதவைத் திறந்தவர் எனக்குப் பின்னால் உங்களைத் தேடினார். சொன்னேன். என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். பிறகு உங்கள் மரணச் சான்றிதழின் பிரதியை வாங்கி, மூலத்தோடு ஒத்துப் பார்த்து, வருடாவருடம் உங்கள் படிவத்துக்கு எடுக்கும் அதே பேனாவால் கையெழுத்திட்டார். நாளை அது கொழும்புக்குப் போகிறது. பென்சன் நிற்கும்.

சின்னம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இனி என் சம்பளத்தில் இருந்து அனுப்புவேன். எவ்வளவு காலத்துக்கு முடியும் என்று தெரியாது. களைப்பாக இருக்கிறது அம்மா. ஆனால் இனி அவவுக்கு ஆர் என்று நீங்கள் கேட்கவேண்டியதில்லை.

நீங்கள் போட்டுத் திரிந்த அந்தப் பழைய கோட்டை நாளைக்கு நான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். அதன் பையில் உங்கள் இருமல் மிட்டாய் இரண்டு கிடக்கிறது. எடுக்கவில்லை.